ஏர் இந்தியாவுக்கு அடுத்த சிஇஓ: இன்டர்வியூவுல கேட்க வேண்டிய ஒரே கேள்வி

கேம்பெல் வில்சனுக்கு அடுத்து ஏர் இந்தியாவுக்கு யாருன்னு பேச்சு வந்தாலே "இந்தியரா, வெளிநாட்டுக்காரரா?"ன்னு சண்டை போடுறோம். என்னைக் கேட்டா, சண்டையே தப்பான இடத்துல நடக்குது. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

2022 ஜனவரி 27ல நிறுவனம் டாடா கைக்குத் திரும்புச்சு. விலை 18,000 கோடி, அதுல 15,300 கோடி பழைய கடன். பிப்ரவரியில துருக்கிக்காரர் இல்கர் அய்ஜுவை அறிவிச்சாங்க. அவரோட அரசியல் தொடர்பு பத்தி சத்தம் கிளம்ப, மார்ச் 1லயே அவர் வேண்டாம்னுட்டார். மே மாசம் சிங்கப்பூர் ஸ்கூட்டுல இருந்து வில்சன். "விஹான்"னு ஐந்தாண்டுத் திட்டம், 470 விமானங்களுக்கு ஆர்டர். பேப்பர்ல எல்லாமே அழகு.

எங்க திருநின்றவூர் பூசலார் மனசுக்குள்ளயே கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிச்சார், சிவனும் வந்தார். விமானக் கம்பெனிக்கு அந்தச் சலுகை இல்லீங்க.

2025 ஜூன் 12, அகமதாபாத். 260 உயிர். காரணம் என்னன்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல, அது விசாரிக்கிறவங்க வேலை. ஆனா அதே மாசம் இன்னொரு செய்தி வந்துச்சு. விமானிகளுக்கு டியூட்டி போடுறதுல விதிமீறல்னு சொல்லி, மூணு அதிகாரிகளை அந்தப் பொறுப்புல இருந்து எடுக்கச் சொன்னது டிஜிசிஏ. ஒருநாள் தலைப்புச் செய்தியா வந்துட்டுப் போயிடுச்சு. நைட் டியூட்டி முடிச்சு அப்படியே காலை ஓபியில உட்கார்ந்த எந்த ஹவுஸ் சர்ஜனையும் கேளுங்க, டியூட்டி சார்ட்னா என்னன்னு சொல்வாங்க.

1977, டெனெரிஃப். பனிமூட்டம். ரன்வேல இன்னொரு விமானம் இருக்கோன்னு ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம். வாய் திறந்து கேட்டும் விட்டார். கேஎல்எம்மோட நட்சத்திர கேப்டன், அதெல்லாம் விலகியாச்சுன்னு சொல்லிட்டு ஓட்டினார். 583 பேர் செத்தாங்க. ஜூனியர் பேசணும், சீனியர் காது கொடுக்கணும்ங்கறதையே ஒரு பயிற்சியா விமானத்துறை வளர்த்தெடுத்ததுக்கு இது பெரிய காரணம். நாங்க டாக்டருங்க அவங்ககிட்ட கடன் வாங்கினோம். உலக சுகாதார நிறுவனத்தோட ஆபரேஷன் செக்லிஸ்ட் 2008ல வந்தது. எட்டு நகரங்கள்ல சோதிச்சப்போ இறப்பு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு இறங்குச்சு. புது மருந்து கிடையாது, புது மெஷின் கிடையாது. நர்ஸ் "சார், ஒரு நிமிஷம்"னு சொல்லலாம், அவ்ளோதான்.

சொல்றவங்களுக்கு மேல இருந்து ஆதரவு இல்லேன்னா? இலங்கையைப் பாருங்க. ஸ்ரீலங்கனை 1998ல இருந்து எமிரேட்ஸ் நடத்துச்சு. 2007 டிசம்பர்ல லண்டன்ல இருந்து திரும்பற அதிபர் ராஜபக்சே குழுவுக்காக, டிக்கெட் எடுத்த பயணிகளை இறக்க முடியாதுன்னு சொன்னாங்க. சிஇஓ பீட்டர் ஹில்லோட வேலை அனுமதி ரத்து. 2008ல எமிரேட்ஸ் கிளம்பிடுச்சு. பிறகு தலைவர் நாற்காலியில அதிபரோட மைத்துனர். கடன் எங்க போய் நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

நஷ்டத்துல ஓடுற கம்பெனிக்கு முதல்ல கணக்குப்பிள்ளைதான் வேணும்னு சிலர் சொல்றீங்க. நியாயம்தான். 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் வான்வழி மூடினதுல இருந்து மேற்கே போற விமானங்க சுத்திப் போகுது, எரிபொருள் செலவு ஏறுது. (அமெரிக்காவுல பேரப்பிள்ளையைப் பார்க்கப் போற பாட்டிங்களுக்கு "காலை ஆட்டிக்கிட்டே இருங்கம்மா"ன்னு நான் சொல்ற நேரமும் ஏறுது.) ஆனா பணம் இறுகும்போதுதான் பராமரிப்பையும் ஓய்வு நேரத்தையும் கிள்ளத் தோணும். ஆஸ்பத்திரியிலயும் அதே கதைதான்.

அதனால வர்றவர் எந்த நாட்டு பாஸ்போர்ட் வெச்சிருந்தாலும் எனக்குக் கவலையில்ல. இன்டர்வியூவுல இதைக் கேளுங்க: "கிளம்ப அஞ்சு நிமிஷம். ஒரு ஜூனியர் இன்ஜினியர் கையெழுத்து போட மாட்டேங்கறார். உள்ளே ஒரு மத்திய அமைச்சர் உட்கார்ந்திருக்கார். மறுநாள் காலையில அந்த இன்ஜினியருக்கு என்ன நடக்கும்?"

அவர் சொல்ற பதிலை எழுதி வெச்சுக்கிட்டு, அவர் இதுக்கு முன்னாடி நடத்தின கம்பெனியோட ஹேங்கருக்குப் போய், அங்க இருக்கிற ஒரு ஜூனியர் இன்ஜினியர்கிட்ட இதே கேள்வியைக் கேளுங்க.