பூட்டிய வீட்டில் யாரிடம் கேட்பது? சுகாதார சர்வேயில் விடுபடும் பனியன் தொழிலாளர்கள்

வீரபாண்டி:
"வீட்ல யாருக்காவது சர்க்கரை இருக்கா? பி.பி. இருக்கா? மாத்திரை எங்க வாங்குறீங்க?" என்று யாராவது நோட்டோடு வந்து கேட்டால், "இதெல்லாம் எதுக்கு?" என்று கதவை சாத்துவோர் உண்டு. ஆனால் அரசின் பல மருத்துவ திட்டங்கள் பிறப்பதே இந்த கேள்விகளில் இருந்துதான்.

தமிழகத்தில் 2020-ல் ஒரு சர்வே எடுக்கப்பட்டது. ரத்தக்கொதிப்பு உள்ள 100 பேரில் சுமார் 7 பேருக்கும், சர்க்கரை உள்ள 100 பேரில் சுமார் 11 பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது தெரிய வந்தது. அடுத்த ஆண்டே, 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி, வீட்டுக்கே மாத்திரை கொண்டு வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது.

கொரோனா தடுப்பூசியிலும் இதே கதைதான். ஞாயிறு கறி, மது சாப்பிடுவோர் ஊசிக்கு தயங்குவதாக தெரிந்ததும், 2021 அக்டோபரில் மெகா முகாம் சனிக்கிழமைக்கு மாறியது. ஊருக்கெல்லாம் அது சரி. பனியன் கம்பெனிகளுக்கோ சனிக்கிழமை வேலை நாள், சம்பள நாள். லீவு போட்டால் கூலி போச்சு!

சிக்கல் இங்கேதான். தேசிய குடும்ப நல சர்வேயில், "அரசு ஆஸ்பத்திரிக்கு ஏன் போவதில்லை?" என்ற கேள்வி உண்டு. 'நேரம் சரிப்படவில்லை' என்பதும் அதில் ஒரு பதில். வீரபாண்டியில் கட்டிங், டெய்லர், செக்கிங் வேலை செய்வோர் சொல்ல வேண்டிய பதில் அதுதான். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு எட்டு தாண்டி விடும். 2023-ல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்களுக்கோ காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 மணி என்றுதான் நேரம் அறிவிக்கப்பட்டது.

பகலில் சர்வே எடுக்க வந்தால் லைன் வீடு பூட்டி கிடக்கும். வடமாநில தொழிலாளிக்கு தமிழ் கேள்வி புரியாது. பூட்டிய வீட்டுக்கு மறுபடியும் வர வேண்டும் என்பது விதி. ஆனால் மறுபடியும் பகலிலேயே வந்தால் என்ன பயன்? ஞாயிறோ, இரவோ வந்தால்தான் ஆள் கிடைப்பார்.

உண்மையை சொன்னால் ரேஷன் போய்விடுமோ, வேலை போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. குடும்ப நல சர்வேயில் சொல்லும் பதில் ரகசியமாக வைக்கப்படும். எனவே அடுத்த முறை கதவு தட்டினால், "ராத்திரி ஒன்பது மணிக்கு டாக்டர் வேணும்" என்று தயங்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் கணக்கில் ஏறும். கணக்கில் ஏறினால்தான் கேட்க முடியும்.