பட்டறைப் பக்கம்: பழைய வண்டிக்கு எஃப்.ஐ. தேவையா?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் மூன்று, பழைய பெட்ரோல் வண்டிகளைப் பற்றியவை. மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

''எங்களிடம் 1986 மாடல் புல்லட் இருக்கிறது. தினமும் இரண்டு கேன் பாலை சொசைட்டிக்குக் கொண்டுபோவது அதில்தான். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால், காலையில் பத்து உதை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. கார்ப்ரேட்டரைக் கழற்றிவிட்டு எஃப்.ஐ. போட்டால் சரியாகிவிடும், 30 ஆயிரம் ரூபாய் ஆகும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். போடலாமா?''
- வாசகர், வேப்பந்தட்டை.

அவசரப்பட்டு அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வெயில் காலத்தில் ஓடி, ஈரக்காற்று வந்ததும் மக்கர் செய்யும் வண்டியில் பெரும்பாலும் குறை பெட்ரோலில் இருக்காது, நெருப்பில்தான் இருக்கும். எஃப்.ஐ. என்பது பெட்ரோலை அளந்து பீய்ச்சும் அமைப்பு. பிளக்கில் நெருப்பு பலவீனமாக இருந்தால், எவ்வளவு துல்லியமாகப் பீய்ச்சினாலும் அது பற்றாது.

உங்கள் புல்லட்டில் நெருப்பை உண்டாக்குவது சி.பி. பாயிண்ட். பாயிண்ட் மூடியிருக்கும்போது எச்.டி. காயிலுக்குள் கரண்ட் ஓடும். கேம் அதைத் திறக்கும் நொடியில் கரண்ட் அறுந்து, காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டாகி பிளக்கில் பாயும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாயிண்ட் முனை கொஞ்சம் கருகும். கேமில் உரசும் குதிகாலும் தேயும். தேயத் தேய இடைவெளி குறைந்து, நெருப்பு விழும் நேரம் பின்தங்கும். வண்டி ஒரே நாளில் கெட்டுப்போகாது; மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மந்தமாகும்.

செலவில்லாமல் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

முதலாவது, ஹெட்லைட் பக்கத்தில் இருக்கும் ஆம்பியர் மீட்டர். சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும், திறக்கும்போது நடுவுக்கு வர வேண்டும். முள் அசையவே இல்லையென்றால் பாயிண்டில் அழுக்கு, அல்லது பேட்டரி, ஒயரில் கோளாறு.

இரண்டாவது, மாலை இருட்டில் பிளக்கைக் கழற்றி, கேப்போடு இன்ஜின் மேல் சாய்த்து வைத்து உதைத்துப் பாருங்கள். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால், பிளக்கை அதற்குத் தள்ளியே வையுங்கள். நெருப்பு நீல நிறத்தில் தடிமனாக விழ வேண்டும். மஞ்சளாக, நூல் போல விழுந்தால் போதாது.

மூன்றாவது, பாயிண்ட் மூடியைத் திறந்து வைத்து உதைக்கும்போது, பாயிண்டிலேயே பளிச் பளிச்சென்று பெரிதாகப் பொறி பறந்தால் கண்டன்சர் போய்விட்டது என்று அர்த்தம்.

பாயிண்ட், கண்டன்சர், பிளக் எல்லாமே சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது ஃபில்லர் கேஜில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். எச்.டி. ஒயர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள்; ஈரத்தில் கரண்ட் கசிவது பெரும்பாலும் அந்த வெடிப்பு வழியாகத்தான். பாதிப் பேருக்கு வேலை இதிலேயே முடிந்துவிடும்.

இதற்குப் பிறகும் அடிக்கடி பாயிண்டைத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது என்றால், எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுங்கள். அது உண்மையிலேயே பயன் தரும் மாற்றம். பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு காந்தமும் ஒரு சென்சாரும் உட்காரும். உரசல் இல்லை, கருகல் இல்லை, ஒருமுறை டைமிங் வைத்தால் அப்படியே நிற்கும். வீட்டிலேயே ஒரு மதியத்தில் மாட்டிவிடலாம். நான்கு விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

வண்டி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று பேட்டரியைப் பார்த்து, அதற்கேற்ற கிட் வாங்குங்கள். சில பழைய வண்டிகளில் பிளஸ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். முனை மாறினால் யூனிட் அந்த நொடியே போய்விடும். கிட்டுக்குச் சொன்ன காயிலையும் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப்பையும்தான் போட வேண்டும். மொபெட்டிலிருந்து கழற்றிய சி.டி.ஐ. இதற்குச் சேராது. பாயிண்ட் தட்டுக்கு அடியில், வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னுக்குத் தள்ளும் எடைகள் இருக்கும். அவை துருப்பிடித்து இறுகியிருந்தால் முதலில் சுத்தம் செய்து, ஸ்பிரிங் சரியாக இழுக்கிறதா என்று பாருங்கள்.

கழற்றிய பாயிண்ட் தட்டைத் தூக்கிப் போடாமல் டூல்ஸ் பெட்டியில் வையுங்கள். நடுவழியில் யூனிட் போனால் பாலோடு நிற்க வேண்டாம். அதையே மாட்டி வீடு வந்துவிடலாம்.

''என் மகன் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் முடித்திருக்கிறான். பழைய வண்டிக்கு எஃப்.ஐ.யைத் தானே செய்துவிடுவதாகச் சொல்கிறான். பணம் கொடுக்கவா, தடுக்கவா?''
- வாசகி, ஜெயங்கொண்டம்.

தடுக்க வேண்டாம். ஆனால், வீட்டில் அன்றாடம் ஓடும் வண்டியில் கைவைக்க விடாதீர்கள்.

அவர் சொல்வது நடக்காத காரியம் இல்லை. 2001-ல் அமெரிக்காவில் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ என்ற இருவர் 'மெகாஸ்குர்ட்' என்ற இ.சி.யு.வை, வாங்குபவர்களே சால்டரிங் செய்து மாட்டிக்கொள்ளும் கிட்டாகக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஜோஷ் ஸ்டூவர்ட் தொடங்கிய 'ஸ்பீடுயினோ', கல்லூரிப் பிள்ளைகள் பழகும் ஆர்டுயினோ போர்டிலேயே ஓடுகிறது. அதன் வரைபடங்களும் புரோகிராமும் எல்லோருக்கும் இலவசம்.

ஆனால், இ.சி.யு. என்பது மூளை மட்டும்தான். சுமார் 3 பார் அழுத்தம் தரும் பம்ப், இன்ஜெக்டர், திராட்டில் பாடி, சூடு பார்க்கும் சென்சார், இன்ஜின் சுற்றுவதை எண்ணும் பல்சக்கரம், புகையில் ஆக்சிஜன் பார்க்கும் சென்சார் என்று எல்லாம் வேண்டும். பம்ப்புக்கே சில ஆம்பியர் போகும். பழைய வண்டியின் டைனமோ அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஒற்றை சிலிண்டரில் காற்றின் அழுத்தம் துடித்துக்கொண்டே இருப்பதால் அளவு வைப்பது இன்னும் சிரமம். எல்லாம் மாட்டிய பிறகு, லேப்டாப்போடு பல நாள் உட்கார்ந்துதான் சரிசெய்ய முடியும்.

அதனால் இப்படிச் சொல்லுங்கள்: 'உதிரியாக ஒரு பழைய இன்ஜின் வாங்கிக்கொள். கார்ப்ரேட்டரை விட்டுவிட்டு, நெருப்பை மட்டும் முதலில் இ.சி.யு.வில் ஓட்டிக் காட்டு. அது ஆறு மாதம் பிசகாமல் ஓடினால், பெட்ரோல் பக்கம் போகலாம்.' அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோலுக்கு சாதா டியூப் ஆகாது, எஃப்.ஐ.க்கென்றே வரும் டியூபும் கிளிப்பும் வேண்டும். இன்ஜின் நின்றால் பம்ப்பும் தானாக நிற்கும்படி ரிலே போட வேண்டும். சோதனையை வைக்கோல்போர் பக்கம் வைத்துக்கொள்ளக் கூடாது.

சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை சொல்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க 182ஏ பிரிவில் இடமிருக்கிறது. சாலைக்கு வரும் வண்டியில் போடுவதென்றால், முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

''இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் என் பழைய மொபெட் திணறுகிறது. புது வண்டிகள் திணறுவதில்லையே, ஏன்?''
- வாசகர், குன்னம்.

உங்கள் வயலுக்கும் இதில் பங்கு உண்டு. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் கரும்பிலிருந்து மட்டுமல்ல, மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது. 2025-ல் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது.

1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே, அதே காற்றுக்குக் கலப்புப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 வந்த பிறகு எக்ஸ்.எல். 100 உட்படப் பெரும்பாலான புது வண்டிகள் எஃப்.ஐ.க்கு மாறிவிட்டன. ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு அவை அளவைக் கூட்டிக்கொள்கின்றன. கார்ப்ரேட்டரின் ஜெட்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இதற்காகவும் எஃப்.ஐ. தேவையில்லை. முதலில் ஏர் ஃபில்டரையும் ஜெட்டையும் சுத்தம் செய்யுங்கள். அப்போதும் திணறினால், மெக்கானிக்கிடம் சொல்லி மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் பாருங்கள். பிளக் முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் அதிகம். காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் சரி. பழைய பெட்ரோல் டியூபை மாற்றுங்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், வண்டியானாலும் பவர் ஸ்பிரேயரானாலும் மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்க்கையும் கார்ப்ரேட்டரையும் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.