கணக்கேட்டில் இனங்காணல்

ஓசையின் வன்மை மென்மை நோக்கின் ககரமும் ஙகரமும் வேறு இனம். பிறப்பிடம் நோக்கின் அவ்விரண்டும் ஓரினம். எழுத்து மாறவில்லை, அளவுகோல் மாறியது, இனமும் மாறியது. வகுப்பறையில் நாம் நாடோறும் கூறும் இவ்வுண்மை இன்று கடன் கொடுப்போரின் கணக்கேட்டிலும் ஆட்சி செய்கின்றது. ஆதலின் அதனை இம்மலர் வாயிலாக நம் பழைய மாணவர் முன் வைக்க விழைகின்றோம்.

கொத்துப் பகுப்பாய்வு என்பது ஒத்தவற்றை ஓரினமாகத் திரட்டும் கணித முறை. கடன் பெற்ற ஒவ்வொருவரும், பெற்ற தொகை, தவணை தவறிய நாள் முதலிய எண்களால் ஒரு புள்ளியாகக் குறிக்கப்படுவர். இனங்கள் எத்தனை என்பதை மனிதன் முதலிற் கூறுவான். கணினி அத்தனை நடுப்புள்ளிகளை இட்டு, ஒவ்வொருவரையும் அணித்தான நடுப்புள்ளியோடு சேர்க்கும். சேர்ந்தோரின் சராசரியைப் புதிய நடுப்புள்ளியாக்கும். மாற்றம் ஒழியுமளவும் இதனையே திரும்பச் செய்யும். 1957இல் ஸ்டுவர்ட் லொயிட் ஆராய்ந்த இம்முறை, 1967இல் மக்குவீன் இட்ட ‘கே-சராசரி’ என்னும் பெயரால் வழங்குகின்றது.

முறையிற் பிழையில்லை, அளவையிற் பிழை நேரலாம். ரூபா இலட்சக் கணக்கிலும் நாள் பத்துக் கணக்கிலும் நிற்க, இரண்டையும் அவ்வாறே கலந்தால் ரூபா நாளை விழுங்கிவிடும். இத்தகைய ஏற்றத்தாழ்வைச் சீர்செய்து தூரங் கணிக்கும் வழியை வங்கத்து அறிஞர் மகலனோபிசு 1936இலேயே வகுத்துத் தந்தார்.

ஆயினும், எதனை அளப்பது என்பதை எக்கணிதமும் கூறாது. தண்ணிமுறிப்புக் குளத்தின் கீழ் வயல் செய்வோர் கையிற் காசு புரளுவது அறுவடைக்குப் பின்னரே. நந்திக்கடலில் வலை வீசுவோருக்குப் பருவத்தோடு வரவு கூடும், குறையும். அரச ஊழியருக்கோ மாதந்தோறும் சம்பளம். வாரத் தவணை தவறிய நாளை மட்டும் அளந்தால், முன்னைய இருவரும் ‘கொடாதார்’ என்னும் இனத்தில் வீழ்வர். மாதவாரியாக வரவை அளந்தாலோ மூவரும் மூன்று இனமாவர். அறுவடை முடியக் கடன் தீர்க்கும் கமக்காரனின் நாணயமும் அப்போதே புலப்படும்.

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. 2009இல் போர் முடிந்தபின் வன்னிக்கு மீண்ட குடும்பங்கள் பல வாரத் தவணை நுண்கடனிற் சிக்கித் தவித்தன. 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல், வரட்சியுற்ற மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. நிவாரணம் நோய்க்கு மருந்து. தவணையை விளைச்சலோடு பொருத்துவதே நோய் வாராமற் காப்பது.

கணினிக்கு ஓரவஞ்சனை இல்லை என்பார் உளர். உண்மையே; ஆயின் அதன் கையில் அளவுகோலைக் கொடுப்பவன் நம் வயலை அறியாதவனாயின் பயன் என்ன?

வங்கிகளிலும் கணக்காளர் பணியிலும் உள்ள பழைய மாணவர்காள்! இவ்விழா ஆண்டிலே, பெயர் நீக்கிய கணக்குகளைக் கொண்டு நம் உயர்தர மாணவர்க்கு இக்கலையைப் பயிற்றுமாறு வேண்டுகின்றோம். மண்டபமும் வளைவும் எழுப்புதல் நன்று. நம் மக்களை நேரிதாக அளக்க வல்ல பிள்ளைகளை உருவாக்குதல் அதனினும் நன்று.