இரவில் எத்தனை முறை?

எங்கள் தெருவில் எண்பது அகவையைக் கடந்த மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். பகலில் திண்ணையில் அமர்ந்து நாளிதழ் வாசிப்பார். போவோர் வருவோரை நலம் விசாரிப்பார். அவருக்கு ஒரு குறையும் இல்லை என்றே காண்போர் எண்ணுவர். இரவிலோ மும்முறையேனும் கழிவறைக்குச் செல்ல வேண்டும். தனியே எழுந்தால் விழுந்துவிடுவார். அவரைத் தாங்கிப் பிடிப்பதற்காகவே மகள் தம் தையல் வேலையை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

இத்தகைய இல்லங்களுக்கு அரசின் உதவி எவ்வழியில் வரக்கூடும்? முதியோர் ஓய்வூதியம் வறுமையையும் அகவையையும் பார்த்து வழங்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிச் சான்று குறைபாட்டை விழுக்காட்டில் அளக்கிறது. மூட்டின் தேய்வையும் பார்வையின் மங்கலையும் அளக்கலாம். நள்ளிரவில் ஒருவரைத் தாங்கும் கையை எந்த விழுக்காட்டில் எழுதுவது?

பிரிட்டனில் 1971ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்’ எனும் உதவித்தொகை வேறொரு வினாவை எழுப்புகிறது. குளிக்க, உடுக்க, உண்ண, கழிவறை செல்லப் பிறர் உதவி தேவையா? பகலிலா, இரவிலா, இருபொழுதுமா? விடைக்கேற்பத் தொகை இரு நிலைகளில் அமைகிறது. இன்று ஓய்வூதிய அகவையை எட்டியோருக்கு உரிய இத்தொகைக்கு வருமான வரம்பு இல்லை. செலவுக் கணக்கும் கேட்கப்படுவதில்லை. அளக்கப்படுவது தேவை மட்டுமே. இதுவே நேரிய அளவுகோல் என்பேன்.

நம் நாட்டிலும் இதற்கு வித்து ஊன்றப்பட்டுள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மிகுந்த ஆதரவு தேவைப்படுவோருக்குக் கவனிப்பாளர் படி வழங்குவதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால், அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு என்ற வரம்பும் உடன் நிற்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமோ பிள்ளைகளின் கடமையை வலியுறுத்துகிறது. கடமையாற்றுவதற்காக ஊதியத்தை இழந்த பிள்ளையின் நிலை என்ன?

“பெற்ற தாயைப் பேணக் கூலியா?” எனச் சிலர் சினக்கக்கூடும். அன்புக்கு விலை பேசுவதாக அவர்கள் கருதுகின்றனர். அந்த மகள் அன்புக்கு விலை கேட்கவில்லை. மாதந்தோறும் வந்துகொண்டிருந்த வருவாய் நின்றுவிட்டது; மருந்துக்கடையின் கணக்கு நிற்கவில்லை. இச்சினம் பெரும்பாலும் இரவில் நன்கு உறங்குவோரிடமிருந்தே எழுகிறது என்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

உண்மையான இடர் வேறொன்று. தேவையைச் சொல்ல முதியோர் நாணுகின்றனர். வாழ்நாளெல்லாம் பிறரைத் தாங்கியவர், தம்மைத் தாங்க ஆள் வேண்டும் என்று அயலாரிடம் எப்படிச் சொல்வார்? ஆகவே படிவத்தை நிரப்பும்போது அருகிருந்து பராமரிப்பவரின் சொல்லுக்கும் இடம் இருத்தல் வேண்டும்.

அண்மையில் அம்மூதாட்டியிடம், இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று வினவினேன். “எப்போதாவது ஒருமுறை” என்றார். அவருக்குப் பின்னால் நின்றிருந்த மகள், ஓசையின்றி மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினார்.