இரண்டு விதிகள்

மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், இரண்டு நாள் வகுப்புக்கு வாராதிருந்த மாணவன் ஒருவன் மூன்றாம் நாள் வந்து நின்றான். காரணம் கேட்டேன். "அம்மாவைக் குளவி கொட்டிருச்சு சேர்" என்றான். வகுப்பில் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மழை பெய்தது என்று சொன்னால் எவ்வாறு கேட்டிருப்பார்களோ, அவ்வாறே இதனையும் கேட்டிருந்தார்கள். நானும் பதிவேட்டில் காரணம் எழுதும் இடத்தில் 'வீட்டு அலுவல்' என்று எழுதிவைத்தேன்.

அன்று மாலை அந்த அன்னையைக் காண லயத்துக்குச் சென்றேன். முகம் வீங்கி, ஒரு கண் முற்றாக மூடியிருந்தது. மரத்தில் கூடு இருந்தது முன்னரே தெரியுமாம். தெரிந்தும் அந்த நிரையிலேயே கொழுந்தெடுக்க நேர்ந்ததாம். விட்டு விலகியிருக்கலாமே என்றேன். "நிறை குறைஞ்சா அரைப் பேருதானுங்களே சேர். எல்லாம் விதி" என்றார்.

அச்சொல் என் நெஞ்சில் தங்கிவிட்டது. தமிழில் 'விதி' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று ஊழ், மற்றொன்று சட்டம். தேயிலை மலையில் இரண்டாவது விதி இல்லாத இடத்தை முதலாவது விதி நிரப்பி வருகிறது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது.

அண்மையில் டயகமவுக்குச் சென்றிருந்தேன். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறிச் செல்லும் பாதை அது. அப்பால் ஹோர்ட்டன் சமவெளியின் காடுகள் எழுகின்றன. காட்டை ஒட்டிய தேயிலையில் கூடுகளுக்குக் குறைவில்லை. தோட்டங்களில் 'குளவி' என்று பொதுவாகச் சொல்லப்படுவது எப்போதும் குளவி அன்று. நிழல் மரக் கிளைகளில் பெரும் அடைகளாகத் தொங்கும் பெருந்தேனீயும் அப்பெயராலேயே வழங்குகிறது. காற்றினாலோ, பறவையாலோ கூடு கலைந்தால் அவை கூட்டமாக இறங்குகின்றன. முதுகில் கூடையும் இடுப்பில் படங்கும் கட்டிய பெண், வழுக்கும் சரிவில் எவ்வளவு விரைவாக ஓட முடியும்?

அதே தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. அதன் வாயிலுக்குள் அடி வைத்தால் சட்டம் நம்முடன் வருகிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டத்தின்படி, சுழலும் இயந்திரத்துக்கு வேலி வேண்டும். நெருப்புக்குக் காப்பு வேண்டும். உயிர்ச்சேதமோ கடும் காயமோ நேர்ந்தால் அறிவித்தல் வேண்டும். பரிசோதகர் வந்து பார்க்கலாம். உள்ளே இலையை உருட்டும் இயந்திரத்தில் ஒருவர் கை சிக்கினால் அது விபத்து. வெளியே அவ்விலையைப் பறிக்கும் பெண் கொட்டுண்டு வீழ்ந்தால் அது விதி! இலை ஒன்றே, உழைப்பின் தொடர்ச்சியும் ஒன்றே. சட்டம் மட்டும் வாயிற்படியில் நின்றுவிடுகிறது.

இவ்வெல்லை எங்கிருந்து வந்தது? நமது கட்டளைச்சட்டம் பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் தழுவியது. ஆலைகளின் புகையிலும் பல்சக்கரங்களிலும் பிறந்த சட்டமாதலால், ஆபத்து என்றால் இயந்திரம் என்றே அது கருதிற்று. ஆயினும் பிரித்தானியர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1972இல் ரோபன்ஸ் பிரபு தலைமையிலான குழு, தொழிலுக்கொரு சட்டம் என்னும் முறை போதாது என்று எடுத்துக்காட்டியது. 1974இல் வந்த சட்டம், வேலை நிகழும் இடம் எதுவாயினும் காப்பது கொள்வோன் கடமை என்று விதித்தது. இந்தியாவிலும் 1951ஆம் ஆண்டின் பெருந்தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், பூச்சிநாசினி முதலியவற்றைக் கையாள்வது பற்றிய பாதுகாப்பு அத்தியாயம் ஒன்று 2010இல் சேர்க்கப்பட்டது. நாமோ மூலநூலை அதன் ஆசிரியர்களே கைவிட்ட பின்னரும் அதன் மொழிபெயர்ப்பைப் போற்றி வந்திருக்கிறோம்.

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறதே எனலாம். உண்டு, வேலையின்போது நேரும் விபத்துக்கு அது ஈடு கேட்க இடமளிக்கிறது. ஆனால் நட்டஈடு என்பது நட்டத்துக்குப் பின் வருவது. காப்பு முன் வருதல் வேண்டும்.

"காட்டுப் பூச்சியை யார் கட்டுப்படுத்த முடியும்?" என்று தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான வினாவே. பூச்சிக்கு விதி எழுத முடியாது, மனிதருக்கு எழுதலாம். காலையில் பெண்கள் மலைக்கு ஏறுமுன் நிழல் மரங்களைப் பார்த்துவரச் செய்யலாம். கூடுள்ள இடத்தை அடையாளமிட்டு, அதனை அகற்றும்வரை அந்த நிரையை விட்டுவைக்கலாம். கொட்டினால் சிலருக்கு உடல் முழுதும் ஒவ்வாமை பரவி, மூச்சடைத்து, கால் மணி நேரத்திலேயே உயிர் போகலாம். தொடையில் உடனே ஏற்றும் அட்ரினலின் ஊசியே அப்போது முதல் மருந்து. அம்மருந்தும், அதனை ஏற்றத் தெரிந்தவரும், நோயாளியைக் கொண்டுசெல்ல வாகனமும் மலைக்கு அருகே இருக்க வேண்டும். இவற்றுள் எதுவும் பூச்சியின் சம்மதத்தை வேண்டுவதன்று.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது தராசு. ஆபத்தைக் கண்டு விலகினால் அரைப் பேர். விலகாமல் நின்றால் முழுப் பேர் என்ற கணக்கு நிலவும்வரை, எச்சரிக்கைப் பலகைகள் பயன் தரா. ஆபத்தால் வேலை நின்ற நாளை முழு நாளாகக் கொள்ள வேண்டும் என்பது சட்டத்தில் ஒரே ஒரு வரி. அவ்வரி பல முகக்கவசங்களைவிட வலியது என்பது என் எண்ணம்.

சட்டம் மலைக்கு ஏறாது என்றும் கொள்ள வேண்டியதில்லை. பரகுவாட் என்னும் கொடிய களைநாசினி 2008 முதல் படிப்படியாக இந்நாட்டில் விலக்கப்பட்டது. நஞ்சருந்தி மாள்வோரைக் காப்பதே அதன் முதல் நோக்கமாயினும், முதுகில் கலனைச் சுமந்து மருந்தடித்தவனும் அதனால் ஓர் ஆபத்தினின்றும் நீங்கினான். வேண்டும் என்று நினைத்தபோது விதி மலைக்கு ஏறிற்று.

எண்ணப்படாத துன்பத்துக்குச் சட்டம் பிறப்பதில்லை. பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டாத காயம் கணக்கில் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாதது பாராளுமன்றத்துக்கு எட்டுவதில்லை. இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. அந்த மாணவனின் பெயருக்கு எதிரே நான் எழுதியது பொய். இன்று எழுத நேர்ந்தால், 'தாய்க்குத் தொழில் விபத்து' என்றே எழுதுவேன். மலைநாட்டுப் பள்ளிகளில் பதிவேடு ஏந்தும் நண்பர்களும் அவ்வாறே எழுதத் தொடங்கட்டும்.