வலித்தால்தான் காதா?

பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் அடித்தால் விடிவதற்குள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அதே பிள்ளை, "அம்மா, காதுக்குள்ள என்னமோ கொர்ருங்குது" என்றால், "தண்ணி போயிருக்கும், தலையைச் சாய்ச்சுக் குதி" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். மறுநாளும் சொன்னால் நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி இரண்டு சொட்டு விடுகிறோம். அதற்குப் பிறகும் சொன்னால், ஸ்கூலுக்கு மட்டம் போடச் சாக்கு என்கிறோம். பெற்றவர்களே, கோபத்தோடுதான் கேட்கிறேன்: அழுது துடித்தால்தான் பிள்ளையின் காதை நம்புவீர்களா?

காதுக்குள் நடப்பதைச் சொல்லக் குழந்தையிடம் சரியான வார்த்தை இருக்காது. "கிணத்துக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு" என்னும், "டப்பு டப்புங்குது" என்னும், "நான் பேசுறது எனக்கே பெருசா கேக்குது" என்னும். பேச்சு வராத குழந்தை காதைப் பிடித்து இழுக்கும்; படுக்கப் போட்டால் வீறிடும்; இரண்டு வாய் பால் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இவை எல்லாம் விளையாட்டும் இல்லை, பிடிவாதமும் இல்லை.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சிறு குழல் போகிறது. நடுக்காதுக்குக் காற்று போய்வரும் வழி அதுதான். பெரியவர்களுக்கு அது சரிவாக இறங்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவாக்கில் இருக்கும். அதனால்தான் சளி பிடித்ததும் அவர்களுக்குக் காது அடைக்கிறது. குழல் வீங்கி மூடிக்கொண்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும், சில நேரம் பசைபோல் கெட்டியாகும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சீழும் வடியாது. கேட்பது மட்டும் மங்கும். பிள்ளை டிவி சத்தத்தைக் கூட்டும், எதைச் சொன்னாலும் "என்ன?" என்று கேட்கும், வகுப்பில் கவனமில்லை என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்புவார்.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? "எத்தனை தடவை கூப்பிடுறது, காது செவிடா?" என்று கத்துகிறோம். சிலர் காதோடு சேர்த்து ஓங்கி அறைகிறார்கள். அந்த ஓர் அறையில் செவிப்பறை கிழியலாம் என்று தெரிந்துதான் அடிக்கிறீர்களா? கேட்காத பிள்ளையைக் கேட்கவில்லை என்பதற்காக அடிப்பதை வளர்ப்பு என்று சொல்லாதீர்கள். தேங்கிய நீர் பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றிவிடும். மூன்று மாதமாகியும் வற்றவில்லை என்றாலோ, பிள்ளை வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்கினாலோ காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். பேச்சும் படிப்பும் படியும் வயது அது.

எண்ணெய்க்கு வருவோம். பாட்டியின் அன்பில் குறை இல்லை. ஆனால் நோய் இருப்பது செவிப்பறைக்குப் பின்னால்; பறை முழுசாக இருந்தால் எண்ணெய் அதைத் தாண்டிப் போகவே போகாது. பறையில் ஓட்டை இருந்தால் எதை ஊற்றினாலும் நேரே நடுக்காதுக்குள் இறங்கும், தாய்ப்பால் உட்பட. பட்ஸும் ஹேர்பின்னும் அழுக்கை எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம். காதுத் தோல் குரும்பியைத் தானாகவே வெளியே நகர்த்திவிடும், நாம் குடையாமல் இருந்தால் போதும்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. இரவெல்லாம் காதுவலியில் அழுத பிள்ளை விடியற்காலை சட்டென்று அடங்கும், தலையணையில் சீழ் இருக்கும். "உடைஞ்சிருச்சு, இனிமே சரியாயிடும்" என்று நிம்மதி அடைகிறோம். உடைந்தது செவிப்பறை. வலி நின்ற அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும், போகும்வரை காதில் தண்ணீர் படக்கூடாது.

காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து காது முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால், காதுவலியோடு முகம் ஒரு பக்கம் கோணினால், தலை சுற்றித் தள்ளாடினால், காய்ச்சலோடு வாந்தியும் மயக்கமான தூக்கமும் சேர்ந்தால், தலையில் அடிபட்டபின் காதிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ வந்தால் நாளைக்கு என்ற பேச்சே கூடாது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலும் அப்படித்தான். நாள் போகப் போக மருந்து வேலை செய்யும் வாய்ப்புக் குறையும். பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரியைப் பிள்ளை காதில் போட்டுக்கொண்டால் சில மணி நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும். பயறோ கடலையோ போயிருந்தால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பருத்துவிடும்.

பொன்னுக்கு வீங்கி வந்துபோன பிள்ளைக்குச் சில சமயம் ஒரு காது முழுதாகப் போய்விடுவதுண்டு. இன்னொரு காது நன்றாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது, போனை அந்தக் காதில் வைக்கும்வரை. ஹெட்போனைக் கழற்றியபின் "ஙொய்"யென்று இரைகிறது என்று பிள்ளை சொன்னால் அதையும் தள்ளாதீர்கள். குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உட்காதின் நுண்முடி அணுக்கள் அழிந்தால் மறுபடி முளைக்காது.

"அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு" என்று, பேச்சு வராத பிள்ளையின் காதைச் சோதிக்காமல் காத்திருப்பவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். செவித்திறனைச் சோதிக்கப் பிள்ளை பேசவேண்டியதில்லை. பிறந்த குழந்தைக்கே, தூங்கும்போதே பார்த்துவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. எந்தக் காது, எப்போதிலிருந்து, சளி இருந்ததா, வீட்டில் காதுக்குள் என்ன விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எண்ணெய் விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், டாக்டர் திட்டினாலும் பரவாயில்லை.