தேய்மானக் கணக்கு

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்ற வார்த்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அக்கவுன்டன்ஸி வாத்தியார். மெஷின் வாங்கினால் வருஷத்துக்கு இத்தனை சதவிகிதம் என்று மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒருநாள் ஏட்டில் பூஜ்ஜியமாக்கிவிட வேண்டும். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அது வேறு விஷயம்!

அதே வார்த்தையை ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தெருவில் ஓர் அம்மா. வயது 74. கால் மரத்துப்போகிறது, செருப்பு நழுவினால்கூடத் தெரியவில்லை, மார்பைச் சுற்றி பெல்ட் போட்டு இறுக்கின மாதிரி இருக்கிறது என்று எட்டு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘வயசாச்சில்ல, தேய்மானம்’ என்றார்கள். இடுப்புக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அதிலும் தேய்மானம். எழுபது தாண்டிய இடுப்பில் வேறென்ன தெரியும்? கோளாறு இருந்ததோ நடு முதுகில். முழு முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான், தண்டுவடத்தை ஒரு கட்டி நெரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

மெனிஞ்சியோமா. தண்டுவடத்தின் உறையில் முளைப்பது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் அதிகம் வயதான பெண்களுக்குத்தான் வரும். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மெதுவாக வளரும். தண்டுவடத்துக்கு வெளியே இருப்பதால், மைக்ராஸ்கோப் வைத்து அநேகமாக முழுசாகவே எடுத்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு டாக்டர், மகனிடம் சொன்னது: ‘இந்த வயசுல எதுக்கு சார் கத்தி?’ மகனும் தலையாட்டினார். அந்த அம்மா அங்கேயே கேட்டார்: ‘முதுகு என்னோடதுடா. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?’

1887-ல் லண்டனில், பல டாக்டர்களிடம் வலியோடு அலைந்த ஒரு ராணுவ அதிகாரிக்கு விக்டர் ஹார்ஸ்லி ஆபரேஷன் செய்தார். எக்ஸ்ரேகூட இல்லாத காலம். கட்டிதான் என்று சொன்னவர் வில்லியம் கோவர்ஸ். முதலில் திறந்த இடத்தில் கட்டி இல்லை. ‘தேய்மானம்’ என்று மூடிவிடவில்லை. இன்னும் மேலே போய்ப் பார்த்து எடுத்தார்கள். ஆள் எழுந்து நடந்தார்.

எல்லாரையும் டேபிளில் படுக்கவையுங்கள் என்று நான் சொல்லவில்லை. கோர்டோமா என்று ஒன்று உண்டு. வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருவது. அது முதுகெலும்பின் அடியில் வந்து, முழுசாக வெட்டியெடுத்தால், சிறுநீர், மலத்தை அடக்கும் நரம்புகளும் போகலாம். ‘எனக்கு வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. சொல்ல வேண்டியவர் அவர். இதயம் எப்படி, நுரையீரல் எப்படி, கால் எவ்வளவு நாளாகத் தளர்ந்திருக்கிறது என்று பார்க்க எத்தனையோ இருக்க, ரேஷன் கார்டில் இருக்கும் வயசை மட்டும் பார்த்து முடிவெடுப்பது என்ன வைத்தியம்? யோசிக்கிறேன் பேர்வழி என்று தள்ளிப்போடப் போட, கால் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பும் குறைகிறது.

65 வயது வரைக்கும் மருத்துவ பாலிசி கொடுத்தால் போதும் என்ற விதியை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் எடுத்துவிட்டது. அதே வருஷம் 70 தாண்டியவர்களுக்கும் ஆயுஷ்மான் பாரத்தில் 5 லட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தார்கள். சர்க்காரே ஏட்டைத் திருத்திவிட்டது. நம் வீட்டு ஹாலில் இன்னும் பழைய ஏடு!

அந்த அம்மாவுக்கு வேறோர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. சில வாரம் வாக்கர், பிறகு கைத்தடி. போன மாசம் மகன் தன் பதினாலு வருஷக் காருக்கு இன்ஜின் வேலை பார்த்தார். ‘வண்டி நல்ல வண்டி சார். பழசுன்னு தூக்கிப் போட முடியுமா?’ என்றார் என்னிடம். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.